கோடை லீவின் கடைசி ஞாயிறு, திட்டமே போடாமல் தனுஷ்கோடி

வைகைக்கரை டீச்சர்

மறுநாள் பள்ளி திறப்பு. முந்தின நாள் யாராவது கடலுக்குப் போவார்களா? நாங்கள் போனோம்.

மே மாதம் எனக்கு லீவு என்பது பேருக்குத்தான். விடைத்தாள் திருத்தும் முகாம், கொழுந்தனார் வீட்டுக் கல்யாணம், போதாததற்குக் கத்திரி வெயில். சனிக்கிழமை ராத்திரி பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது தோழி போன் செய்தாள். அவள் செவிலியர், ஞாயிற்றுக்கிழமையில் அவளுக்கு ஓய்வு கிடைப்பதே அபூர்வம். "நாளைக்கு எனக்கு ஆஃப். கடலைப் பார்க்கணும்டி. வர்றியா, வரலியா?" அவ்வளவுதான் பேச்சு.

மதுரையிலிருந்து காலை ராமேஸ்வரம் பாசஞ்சர். முன்பதிவு கிடையாது, டிக்கெட் வாங்கி ஏற வேண்டியதுதான். மானாமதுரை வரை நின்றுகொண்டு போனோம். பாம்பன் பாலத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்தபோது பெட்டியில் இருந்த அத்தனை பேரும் வாசலுக்கும் ஜன்னலுக்கும் வந்துவிட்டார்கள், தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை ஒன்றைத் தவிர. ராமேஸ்வரத்தில் கோயிலுக்குப் போகவில்லை. (இந்த விஷயம் என் மாமியார் காதுக்குப் போகக் கூடாது.) நேராக தனுஷ்கோடி டவுன் பஸ்.

அரிச்சல்முனையில் இறங்கியதும் காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது. மணல் கணுக்காலில் குத்துகிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை. சாலைக்கு வலது பக்கம் கடல் உறுமுகிறது. இடது பக்கம் திரும்பினால் குளம்! சின்னச் சின்ன அலைகூட யோசித்துத்தான் வருகிறது. நடுவில் இருப்பது ஒரு தார்ச்சாலையும் கொஞ்சம் மணலும். இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன்? அதைத்தான் முதலில் கேட்க வந்தேன்.

பிறகு பழைய சர்ச் இடிபாட்டின் நிழலில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம். இரண்டு பேரும் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. மாலையில் போலீசார் எல்லாரையும் கிளப்பிவிடும்போது டவுன் பஸ், அங்கிருந்து மதுரை பஸ். திங்கட்கிழமை காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் என் செருப்பிலிருந்து மணல் கொட்டியது.

இப்படித் திடீரென்று கிளம்பிப் போனவர்கள் இங்கே யார் யார்?

பரமக்குடி மாப்பிள்ளை

அந்த வழியில் மே, ஜூனில் போய்விட்டு நுங்கு பற்றி ஒரு வரி எழுதாத பதிவை நான் ஏற்றுக்கொள்வதாக இல்லை டீச்சர்.

வைகைக்கரை டீச்சர்

திரும்பி வரும்போது ராமநாதபுரத்தில் வாங்கினோம் தம்பி. கொஞ்சம் முற்றல்.

நிதானம்

எழுத்து நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கைதட்ட மனம் வரவில்லை. இரண்டு பெண்கள், தங்கும் இடம் ஏற்பாடு இல்லை, கடல் எப்படி இருக்கிறது என்று தெரியாது, வீட்டில் முறையாகச் சொன்னதாகவும் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு நாளைக்கு நாலு கல்லூரிப் பிள்ளைகள் ராத்திரியோடு ராத்திரியாக பைக்கில் கிளம்புவார்கள். ஒரு வாரம் முன்னால் யோசித்து, விசாரித்துப் போனால் என்ன குறைந்துவிடும்? கடல் அடுத்த வாரமும் அங்கேதானே இருக்கும்.

வைகைக்கரை டீச்சர்

ஐயா, கடல் அங்கேதான் இருக்கும். எங்களுக்குத்தான் அடுத்த வாரம் இருக்காது.

எங்கள் வீட்டில் ஒரு வாரம் முன்னால் "நானும் அவளும் தனுஷ்கோடி போகிறோம்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் நாள், "பசங்களையும் கூட்டிட்டுப் போயேன்." இரண்டாம் நாள், "ராமேஸ்வரம்னா தீர்த்தமாடணும், அத்தையையும் கூட்டிட்டுப் போ." மூன்றாம் நாள் வேன் பேசுகிறார்கள். நாலாம் நாள் எத்தனை பேருக்கு இட்லி, யார் மிளகாய்ப்பொடி தடவுவது என்று என்னிடம் கேட்கிறார்கள். ஐந்தாம் நாள் யாருக்காவது காய்ச்சல். வேன் ரத்து. இது கற்பனை இல்லை. வருஷா வருஷம் எங்கள் வீட்டில் நடப்பதுதான்.

வீட்டில் சொல்லாமல் போகவில்லை. ராத்திரியே அவரிடம் சொன்னேன். "இந்நேரத்திலயா சொல்ற?" என்றார், அவ்வளவுதான். யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் அவரும் வேன் பேசியிருப்பார். ஆண்கள் ராத்திரி பத்து மணிக்கு "மச்சான் வாடா" என்று கிளம்பினால் அதை யாரும் துணிச்சல் என்றுகூடச் சொல்வதில்லை, வழக்கமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

மருதோன்றி

"மூன்றாம் நாள் வேன் பேசுகிறார்கள்." அக்கா, எங்கள் வீட்டில் ஒளிந்திருந்து பார்த்தீர்களா?

பாம்பன் பையன்

டீச்சர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் தீவிலேயே பிறந்து வளர்ந்தவன், அப்பா நாட்டுப்படகுக்காரர். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த வலது பக்கம் மன்னார் வளைகுடா. எங்கள் பக்கம் அதை ஆண் கடல் என்போம். இடது பக்கம் பாக் நீரிணை, அது பெண் கடல். வண்டிக்காரர்கள் சுற்றுலா வருபவர்களிடம் "இந்துமகா சமுத்திரமும் வங்காள விரிகுடாவும் கலக்குது சார்" என்று அடித்துவிடுவார்கள். பெரிய பெயராகச் சொன்னால் பார்ப்பவருக்கும் சந்தோஷம்தானே.

பெயரை வைத்து ஆண் கடல் எப்போதுமே முரடு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. எல்லாம் காற்றைப் பொறுத்தது. கோடையில், அதிலும் மே கடைசியில், கச்சான் காற்று எழும்பிவிடும். தென்மேற்கிலிருந்து வருவது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே உள்ள இடுக்கில் புகுந்து வருவதால் இங்கே அதற்கு வேகம் கூடுதல். தெற்கே திறந்த கடல், அலைக்குத் தடை எதுவும் இல்லை, நேராக வந்து கரையில் அறைகிறது. வடக்குப் பக்கத்தில் அதே காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிறது. தீவு மறைப்பாக நிற்கிறது, பாக் நீரிணையும் ஆழம் குறைந்தது. அதனால்தான் உங்களுக்குக் குளமாகத் தெரிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்துவிட்டால் கதை தலைகீழ். அப்போது வடக்குப் பக்கம் கொந்தளிக்கும், தெற்குப் பக்கம் அடங்கிக் கிடக்கும். எங்கள் ஆட்களில் பலர் காற்றைப் பார்த்துப் படகைப் பக்கம் மாற்றிக்கொள்வார்கள்.

இன்னொன்று, நீங்கள் போன சமயத்தில் விசைப்படகு எதையும் கடலில் பார்த்திருக்க மாட்டீர்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகும் கரைவலையும் மட்டும்தான் ஓடும். அதனால் தனுஷ்கோடி கடைகளில் "ஃப்ரெஷ் மீன்" என்று வறுத்துத் தந்தால் இது கரைவலை மீனா, ஐஸ் பெட்டி மீனா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கேட்டால் உண்மையைத்தான் சொல்வார்கள். சாளையோ நகரையோ அன்றைக்கு வலையில் விழுந்ததாக இருந்தால் விடாதீர்கள்.

வைகைக்கரை டீச்சர்

அடேங்கப்பா. ஏழாம் வகுப்புக்குப் பருவக்காற்றுப் பாடம் நடத்தும்போது இதைத்தான் சொல்லப் போகிறேன். கரைவலை இழுப்பதைப் பார்த்தோம் தம்பி. எங்களையும் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார்கள். தோழிக்கு உள்ளங்கை சிவந்துவிட்டது, எனக்கு இன்னும் தோள் வலிக்கிறது. அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

மீட்டர்கேஜ்

ரயில் என்றதும் நான் வராமல் இருக்க முடியாது, மன்னிக்கவும்.

டீச்சர் பாசஞ்சரில் நினைத்த நேரத்துக்கு ஏறிப் போனது சின்ன விஷயம் இல்லை. பழைய பாம்பன் பாலம் 1914-இல் திறந்தது. 2022 டிசம்பரில் அதில் போக்குவரத்து நின்றுபோனது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை ரயிலில் வந்தவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ் பிடித்தார்கள். இரண்டு கோடைகள் அப்படியே போயின.

முன்னொரு காலத்தில் ராமேஸ்வரம் கடைசி ஊரே இல்லை. எழும்பூரில் ஏறினால் போட் மெயில் தனுஷ்கோடி துறைமுகத்தில் கொண்டுபோய் விடும். அங்கே கப்பல், அக்கரையில் தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு. ஒரே டிக்கெட். நீங்கள் புளியோதரை சாப்பிட்ட இடத்தைச் சுற்றி ஸ்டேஷன், தபால் அலுவலகம், சுங்க அலுவலகம், மருத்துவமனை எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ஊரை நெருங்கும்போது பயணிகளோடு கடலுக்குள் போய்விட்டது. பாம்பன் பாலமும் சேதமானது. ஸ்ரீதரன், ஆமாம், பிற்பாடு டெல்லி மெட்ரோவைக் கட்டியவர், அப்போது இளம் பொறியாளர். 46 நாளில் பாலத்தைச் சரிசெய்து கொடுத்தார். ஆனால் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாதையை யாரும் திரும்பப் போடவில்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. 1980களில் இலங்கையில் போர் மூண்டதும் அதுவும் நின்றது.

அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை 2017-இல்தான் திறந்தது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி, மணலிலும் தண்ணீரிலும் குதித்துக் குதித்துப் போகும் வேனில்தான் போக வேண்டும். அந்த வேனில் போனவர்களுக்கு இடுப்பு வலி இருக்கிறதோ இல்லையோ, சொல்லக் கதை இருக்கும்.

மருதோன்றி

அந்த வேன்! கல்லூரிக் காலத்தில் போனேன். மேலே கம்பியில் தலை இடிக்காதவர் யாருமில்லை. சாலை வந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இப்போது கார் நிறுத்த இடமில்லாமல் வரிசையில் நிற்கிறார்கள்.

பாம்பன் பையன்

வருத்தம் உங்களுக்கு அக்கா, சாலை எங்களுக்கு. ராத்திரி பிரசவ வலி வந்தால் அந்த வேனில் ஒரு பெண்ணை ஏற்றிப் பார்த்திருந்தால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'பேய் நகரம்' என்று வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் சர்ச் சுவரை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே குடிசை போட்டு மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடம் இருக்கிறது. டீச்சருக்குத் திங்கட்கிழமை பள்ளி திறந்த மாதிரிதான் அந்தப் பிள்ளைகளுக்கும்.

மருதோன்றி

நீங்கள் சொல்வது சரி தம்பி. அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை.

இரவுப்பணி

அந்தத் தோழி நான்தான். இவள் எழுதியிருக்கிறாள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. புளியோதரை கட்டியது நான், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

நிதானம் ஐயாவுக்கு ஒரு விஷயம். கடல் எப்படிப்பட்டது என்று தெரியாமல் போகவில்லை. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். கோடை லீவில் தண்ணீரில் மூழ்கியவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்; கிணறு, கண்மாய், ஆறு, கடல் எல்லாவற்றிலிருந்தும். பெரும்பாலும் பையன்கள்தான். அதனால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்குவதில்லை என்று ரயிலிலேயே இவளிடம் சொல்லிவிட்டேன். அதுவும் வடக்குப் பக்கம் மட்டும். அரிச்சல்முனையில் குளிக்கக் கூடாது என்று போர்டு இருக்கிறது. அதன் மேலேயே துண்டைக் காயப்போட்டுவிட்டுக் குளிக்கிறார்கள்.

இழை நீளமாகப் போவதால் இதையும் சொல்லி வைக்கிறேன். மூழ்கியவரைக் கரைக்குக் கொண்டுவந்ததும் நம் ஆட்கள் முதலில் செய்வது வயிற்றை அமுக்குவது, குப்புறப் போட்டுத் தட்டுவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது. தண்ணீரை வெளியே எடுக்கிறார்களாம். செய்யாதீர்கள். வாந்தி வந்து மூச்சுக்குழலுக்குள் போய்விடும், பொன்னான நேரமும் போய்விடும். மல்லாக்கப் படுக்க வைத்து மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். அப்புறம் நெஞ்சின் நடுவில் வேகமாக, அழுத்தமாக அமுக்குங்கள். இதயம் நின்று சாலையில் விழுகிறவருக்கு நெஞ்சை அமுக்குவது முதலில். மூழ்கியவருக்குக் காற்றுதான் முதலில், அவர் காற்று கிடைக்காமல்தான் இந்த நிலைக்கு வந்தார். கூட இருப்பவர் 108-க்கு போன் செய்யட்டும். எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம்.

ஏன் கடல் என்று இவள் கேட்கவே இல்லை. கேட்காததால்தான் இவளைக் கூப்பிட்டேன்.

நிதானம்

அம்மா, நான் எழுதிய தொனி கடுமையாக இருந்திருக்கலாம். பெண்கள் தனியாகப் போனது பற்றி நான் சொன்னதை விட்டுவிடுகிறேன், டீச்சரின் வேன் கணக்கு என் வீட்டுக்கும் பொருந்துகிறது. ஆனால் என் பயம் வேறு. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில், லெமூர் கடற்கரையில், பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்களே. படித்த பிள்ளைகள். கரையோரத்தில் இருந்தவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. திடீர்ப் பயணம் என்றாலே அதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

பாம்பன் பையன்

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அது கள்ளக்கடல். பெயர் மலையாளக் கரையிலிருந்து வந்தது, இப்போது அரசு எச்சரிக்கையிலும் அதே பெயர்தான். இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் வீசிய புயலில் கிளம்பிய அலை சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். ஏப்ரல், மே மாதங்களில்தான் தொல்லை அதிகம், அதாவது நம் லீவு நேரத்தில். கரையில் நிற்பவர் சாதாரண அலை என்று நினைப்பார், தண்ணீர் திடுமென்று உள்ளே ஏறும். அன்றைக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது.

ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை எச்சரிக்கை வெளியிடுகிறது, மாவட்ட நிர்வாகமும் அறிவிக்கும். திட்டமே இல்லாமல் போகிறவர்கள் வண்டி ஏறும் முன் அதை மட்டும் பார்த்துவிட்டால் போதும். ஐந்து நிமிஷ வேலை. அதற்கு ஒரு வாரம் தேவையில்லை.

அரிச்சல்முனை முனையில் மட்டும் யார் சொன்னாலும் இறங்காதீர்கள். இரண்டு பக்க நீரோட்டமும் அங்கே மோதுகிறது. மணல் நிலையாக நிற்காது, மாதத்துக்கு மாதம் முனையின் வடிவமே மாறும். நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இன்றைக்கு ஆள் மூழ்குவான்.

மெரினா வாசி

சென்னைக்காரனாக நானும் ஒன்று சேர்க்கிறேன். கடலில் இழுப்பு இருக்கும் இடம் பார்வைக்கு அமைதியாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டையில் மட்டும் அலை உடையாமல் இருந்தால் "ஆகா, அங்கே அலை இல்லை" என்று போகக் கூடாது. கரையில் ஏறின தண்ணீர் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகிறது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். நீச்சல் தெரியாதவர்கள் மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள்.

பரமக்குடி மாப்பிள்ளை

ஜாலியாக ஆரம்பித்த இழையை முதலுதவி வகுப்பாக்கிவிட்டீர்கள். பயனுள்ளதுதான், ஆனால் யாராவது அந்த ஊற்றுத் தண்ணீர் பற்றிச் சொல்லுங்களேன். உப்புக்கடலுக்குப் பத்தடி தள்ளி நல்ல தண்ணீர் என்று என் மாமனார் சொல்வார், நான் நம்பியதே இல்லை.

இரவுப்பணி

நான் குடித்தேன் தம்பி. குடிசைக்குப் பக்கத்தில் மணலைத் தோண்டி வைத்திருந்தார்கள், ஒரு ஆச்சி கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் பாட்டில் காலியாகியிருந்ததைப் பார்த்து அவரே நிரப்பிக் கொடுத்தார். காசு நீட்டினேன், "தண்ணிக்கா?" என்று திட்டினார். லேசாகச் சப்பென்று இருந்தது, உப்பு இல்லை.

பாம்பன் பையன்

மாமனார் சொன்னது உண்மை. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கித் தங்கியிருக்கும். உப்புத்தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேலாகவே நிற்கும். கொஞ்சமாகத் தோண்டினால் நல்ல தண்ணீர். பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். மோட்டார் வைத்து உறிஞ்சினாலும் அதே கதிதான்.

மருதோன்றி

டீச்சர், இரவுப்பணி அக்கா, ஒரு நடைமுறைக் கேள்வி. முழு நாள் அங்கே இருந்தீர்களே, கழிப்பறைக்கு என்ன செய்தீர்கள்? ஆண்கள் எழுதும் பயணக் குறிப்பில் இது வரவே வராது.

வைகைக்கரை டீச்சர்

ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ஒரு தடவை, கிளம்பும் முன் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை. நடுவில் தண்ணீரைக் குறைத்துக் குடித்தோம். வெயிலில் அது தப்பு என்று செவிலியர் அம்மாவே சொன்னார், சொல்லிவிட்டு அவரும் அதைத்தான் செய்தார். பெண்கள் கூட்டமாகப் போகும்போது அரிச்சல்முனையில் உட்காரும் நேரத்தைக் குறைத்து, கோதண்டராமர் கோயில் பக்கம், ராமேஸ்வரம் ஊருக்குள் என்று நேரத்தைப் பிரித்துக்கொள்வது நல்லது. நிழலும் கிடையாது. குடையைக் காற்று ஒடித்துவிடும், தலையில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

நிதானம்

சரி, நானும் கேட்டுவிடுகிறேன். மனைவி இந்த இழையைப் படித்துவிட்டு "நாம எப்ப?" என்கிறாள். எங்களுக்கு அறுபது தாண்டிவிட்டது. பேரப்பிள்ளைகள் கேட்டால் வேன் ஆகிவிடும், எனவே சொல்லப் போவதில்லை. தண்ணீரில் கால் நனைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இப்போதே போகலாமா, டிசம்பர் வரை பொறுக்கலாமா?

பாம்பன் பையன்

இப்போதே வாருங்கள் ஐயா. கச்சான் இருக்கும்வரை வடக்குப் பக்கம் அடக்கமாகத்தான் இருக்கும். தனுஷ்கோடி வரை அலைய முடியாது என்றால் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அரியமான் இருக்கிறது. அதுவும் பாக் நீரிணைப் பக்கம், சவுக்கு மர நிழல் உண்டு, அம்மா உட்கார்ந்துகொண்டே காலை நனைக்கலாம். டிசம்பரில் வாடை அடிக்கும், அரியமானும் கலங்கிப்போகும். அப்போது வந்தால் தெற்குப் பக்கம் நில்லுங்கள். புயல் சின்னம் என்று செய்தி வந்தால் கிளம்பவே கிளம்பாதீர்கள், தனுஷ்கோடிச் சாலையை மூடிவிடுவார்கள். வந்தது வந்தீர்கள், பூநாரையும் பார்க்க வேண்டும் என்றால் பொங்கல் கழித்து வாருங்கள்.